பழைய 25–40 குதிரைவலுப் படகு எஞ்சின் வாங்குவது எப்படி? முதன்முறை வாங்குவோருக்கான செய்முறை விளக்கம்

யாழ்ப்பாணம், மன்னார் கரைகளில் 18 முதல் 23 அடி நீளமான ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்பவர்களில் பலர், படகின் பின்பலகையில் தொங்கவிடும் தமது முதல் வெளியிணைப்பு இயந்திரத்தைப் பழையதாகவே வாங்குகிறார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு புதிய எஞ்சின் பலருக்கு எட்டாத பொருளாகிவிட்டது. நல்ல பழைய எஞ்சின் பல ஆண்டுகள் உழைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எது நல்லது என்பதை மேல்மூடியின் வர்ணம் ஒருபோதும் சொல்லாது.

என் முதல் எஞ்சின் 25 குதிரைவலுவானது. நாங்கள் பார்க்கப் போவதற்கு முன்பே விற்பவர் அதனை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தார். ஒரே இழுவையில் பற்றிக்கொண்டது. அன்றே பணத்தைக் கொடுத்துவிட்டோம். மூன்றாம் நாள் விடியற்காலை, குளிர்ந்து கிடந்த அதே எஞ்சினை முப்பது தடவைக்கு மேல் இழுத்தும் அது பற்றவில்லை. பிறகு அளந்து பார்த்தபோது ஒரு சிலிண்டரில் 115 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அமுக்கமும் மற்றதில் 70 மட்டுமே இருந்தன. தேய்ந்த எஞ்சின் தன் குறையைச் சூட்டில் மறைக்கும், குளிரில் காட்டும். ஆகவே விலை பேசத் தொலைபேசியில் அழைக்கும்போதே, "நாங்கள் வரும்வரை எஞ்சினை ஓடவிட வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் மூடியைக் கழற்றிச் சிலிண்டர் தலையில் கையை வையுங்கள். அது சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள்.

முதற்படி: படகை அளத்தல்

எஞ்சினைத் தேடுமுன் உங்கள் படகின் பின்பலகையை அளந்துகொள்ளுங்கள். எஞ்சின் தொங்கும் விளிம்பிலிருந்து படகின் அடிவரை ஏறத்தாழ 15 அங்குலம் இருந்தால் குறுங்கால் (நீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதி குட்டையான) எஞ்சினும், 20 அங்குலம் இருந்தால் நெடுங்கால் எஞ்சினும் தேவைப்படும். யமஹா எஞ்சின்களின் மாதிரிப் பெயரில் வரும் எஸ், எல் என்ற எழுத்துகள் இந்த வேறுபாட்டையே குறிக்கின்றன. பொருத்திய பின், விசிறிக்கு (புரொப்பெல்லர்) மேலே உள்ள தட்டையான தகடு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ, அதிலிருந்து ஓரங்குலம் வரை கீழேயோ இருக்க வேண்டும். அதற்கு மேலே நின்றால் விசிறி காற்றை உறிஞ்சி வீணாகச் சுழலும். மிகக் கீழே போனால் வேகம் குறைவதோடு, ஆழம் குறைந்த எங்கள் கடனீரேரியில் கால் அடிக்கடி தரையில் முட்டும். படகின் பின்பலகை எவ்வளவு குதிரைவலுவையும் எடையையும் தாங்கும் என்பதைப் படகு கட்டியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம்படி: எந்த வகை என்று முடிவுசெய்தல்

இக்கரைகளில் அதிகம் கைமாறுபவை யமஹா எண்டுரோ போன்ற, இரண்டு சிலிண்டர் கொண்ட, எரிபொருளுடன் ஒயில் கலந்து ஓடும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களே. அவை எளிமையான அமைப்புடையவை, உதிரிப்பாகம் கிடைக்கும், அவற்றைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் பக்கத்துத் துறையிலேயே இருப்பார். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் எரிபொருளைக் குறைவாகக் குடிக்கும், புகையும் குறைவு. ஆனால் அதே வலுவுக்கு எடை கூடியது, பழுதானால் திருத்துவதும் கடினம். முதன்முறை பழைய எஞ்சின் வாங்குபவருக்கு டூ ஸ்ட்ரோக்கையே நான் பரிந்துரைப்பேன். 40 குதிரைவலு எஞ்சினே 70 கிலோவுக்கு மேல் வரும். தினமும் கரையில் கழற்றித் தூக்குபவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் எஞ்சின் என்றால் இன்னும் கவனம் தேவை. அது பெற்றோலில் பற்றவைக்கப்பட்டு, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படும். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி ஓடவிட வேண்டும். முந்தைய உரிமையாளர் இதைச் செய்யாமல் விட்டிருந்தால் கார்புரேட்டரும் பிளக்குகளும் கரி பிடித்துக் கிடக்கும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆகவே மண்ணெண்ணெய் எஞ்சின்தான் மலிவு என்ற பழைய கணக்கை நம்பாமல், இன்றைய எரிபொருள் விலைகளை வைத்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

மூன்றாம்படி: காலிலிருந்து பார்க்கத் தொடங்குதல்

பிளக் திறப்பான், அகன்ற வாயுள்ள திருப்புளி, கொம்பிரஷன் கேஜ் (அமுக்கமானி), டோர்ச், ஒரு துண்டு வெள்ளைத் துணி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பெரும்பாலானோர் மூடியைத் திறந்து மேற்பகுதியை முதலில் பார்க்கிறார்கள். நான் காலின் கீழ்ப்பகுதியிலுள்ள கியர்ப்பெட்டியிலிருந்தே தொடங்குவேன். ஏனெனில் கடலில் அதிகம் அடிபடுவது அதுதான். அது பழுதானால் செலவும் அதிகம்.

எஞ்சின் முதல்நாள் இரவு முழுவதும் நிமிர்ந்த நிலையில் நின்றிருந்தால் மிக நல்லது. கியர்ப்பெட்டியின் அடியிலுள்ள திருகாணியை மெதுவாகத் தளர்த்தி, முதலில் வரும் சில துளிகளை வெள்ளைத் துணியில் பிடியுங்கள். தண்ணீர் ஒயிலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கியிருக்கும். உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் முதற்துளியே அதைக் காட்டிவிடும். ஒயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ தெளிவாக வந்தால் கவலையில்லை. பால் விட்ட தேநீரின் நிறத்தில் வந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். சீலை மாற்றுவது பெரிய செலவன்று. ஆனால் உப்புநீர் எவ்வளவு காலமாக உள்ளே இருந்து பேரிங்குகளை அரித்தது என்பதை வெளியிலிருந்து யாராலும் கூற முடியாது. திருகாணியின் முனையில் காந்தம் இருந்தால் அதைத் துடைத்துப் பாருங்கள். மாவு போன்ற மெல்லிய கருந்தூள் வழக்கமானதே. செதில்களோ ஊசி போன்ற துணுக்குகளோ ஒட்டியிருந்தால், பற்சக்கரங்கள் உடையத் தொடங்கிவிட்டன; அந்த எஞ்சினை விட்டுவிடுங்கள்.

அடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து விசிறியைக் கையால் சுழற்றி, தண்டின் நுனியை மட்டும் உற்றுப் பாருங்கள். நுனி ஒரே புள்ளியில் நிற்காமல் வட்டமடித்தால் தண்டு வளைந்திருக்கிறது. பாரிலும் (கடலடிப் பாறைத்திட்டு) கல்லிலும் முட்டிய எஞ்சின்களில் இது சாதாரணம். காலின் அடியிலுள்ள துடுப்புப் போன்ற பகுதியில் வெல்டிங் தடம் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். மற்ற உலோகம் அரிக்காமலிருக்கத் தானே கரையும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது. அதன்மேல் வர்ணம் பூசப்பட்டிருந்தால் அது உலோகத்தைக் காக்கவே இல்லை.

நான்காம்படி: மூடியின் உள்ளே

கடலில் மூழ்கி எடுக்கப்பட்ட எஞ்சினை இங்கேதான் கண்டுபிடிக்க வேண்டும். வயர் இணைப்புகளைப் பிரித்து டோர்ச் அடித்துப் பாருங்கள். இணைப்பின் உட்புறத்திலும், பறக்கும் சக்கரத்தின் (ஃபிளைவீல்) கீழேயும் வெள்ளை உப்பும் பச்சைக் களிம்பும் படிந்திருந்தால், சாதாரணமாகத் தெறித்த தண்ணீர் அவ்வளவு தூரம் போயிருக்காது. போல்ட் தலைகள் வர்ணம் உரிந்து புதிதாக மின்னினால் எஞ்சின் அண்மையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதுவே குற்றமல்ல, ஏன் பிரித்தார்கள், எதை மாற்றினார்கள் என்று கேளுங்கள், பதில் தெளிவாக இருக்க வேண்டும்.

பிறகு பிளக்குகளைக் கழற்றுங்கள். இரண்டும் ஒரே இளம்பழுப்பு நிறத்தில் இருந்தால் எரிதல் சரியாக நடக்கிறது. ஒன்று ஈரமாகக் கறுத்தும் மற்றது வெளிறியும் இருந்தால், வெளிறியதைப் பற்றியே அதிகம் கவலைப்படுங்கள். அந்தச் சிலிண்டர் எரிபொருளோ ஒயிலோ போதாமல் சுட்டுக்கொண்டிருக்கலாம். பிளக் முனையில் நீர்த்துளியோ உப்போ தென்பட்டால் கேஸ்கட்டில் கசிவு இருக்கலாம்.

அமுக்கம் அளக்க, இரு பிளக்குகளையும் கழற்றிய நிலையிலேயே, நிறுத்தும் கயிற்றின் கிளிப்பை எடுத்துவிட்டு, திரொட்டிலை முழுவதும் திறந்து, முள் நகர்வது நிற்கும்வரை ஐந்தாறு தடவை இழுங்கள். பெற்றோல் டூ ஸ்ட்ரோக்கில் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருப்பதையே நான் ஏற்பேன். ஆனால் எண்ணைவிடச் சமநிலையே முக்கியம்: இரு சிலிண்டர்களுக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. மண்ணெண்ணெய் எஞ்சின்கள் குறைந்த அமுக்கத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் எண் குறைவாக வந்தாலும் இரண்டும் சமமாக இருந்தால் பயப்பட வேண்டாம்.

ஐந்தாம்படி: பற்றவைத்தலும் கடலில் ஓட்டமும்

தண்ணீரில்லாமல் ஒரு விநாடிகூட ஓடவிடச் சம்மதிக்காதீர்கள். வோட்டர் பம்பின் ரப்பர் இம்பெலர் உலர்ந்த நிலையில் மிக விரைவில் கருகிவிடும். படகிலோ நீர் நிரப்பிய பீப்பாயிலோ வைத்து, குளிர்ந்த எஞ்சினைச் சோக் போட்டு நீங்களே இழுங்கள். நல்ல எஞ்சின் மூன்று நான்கு இழுவைக்குள் பற்றும். பற்றியதும் பின்புறத் துளையிலிருந்து நீர் வேகமாகப் பீறிட வேண்டும். நூல்போல் வந்தால் மெல்லிய கம்பியை அத்துளையில் விட்டுப் பாருங்கள். உப்பு அடைத்திருந்தால் சீராகிவிடும். சீராகாவிட்டால் இம்பெலர் தேய்ந்திருக்கிறது, அல்லது உட்பாதைகள் உப்பால் மூடிக்கொண்டிருக்கின்றன. பின்னையது பெரிய வேலை.

பீப்பாயில் நன்றாக ஓடும் எஞ்சின் சுமையோடு தடுமாறலாம். ஆகவே மூன்று நான்கு பேரை ஏற்றிக்கொண்டு கடலில் பத்து நிமிடமாவது முழுவேகத்தில் ஓட்டுங்கள். புறப்படுமுன், விசிறியின் நடுக்குழலிலும் அதைச் சுற்றிய ரப்பருக்கு வெளியேயுள்ள பகுதியிலும் சேர்த்து ஒரு நேர்கோடு கீறிவையுங்கள். கரைக்கு வந்ததும் கோடு இரண்டாகப் பிரிந்து விலகியிருந்தால் ரப்பர் வழுக்குகிறது. முன், பின் கியர்கள் ஒரே சொடுக்கில் விழுகின்றனவா, வேகத்தில் கியர் துள்ளி விலகுகிறதா, நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்துச் சூட்டோடு மீண்டும் பற்றுகிறதா என்பனவற்றையும் பாருங்கள். கியரில் இருக்கும்போது இழுவைக்கயிறு வரக் கூடாது. வந்தால் பாதுகாப்புத் தடுப்பு பழுதாகிவிட்டது.

பணம் கொடுக்குமுன்

எஞ்சினைப் பிடிக்கும் கிளாம்பிலுள்ள தகட்டின் இலக்கத்தையும் பற்றுச்சீட்டையும் ஒப்பிடுங்கள். தகடு இல்லாத, இலக்கம் சுரண்டப்பட்ட எஞ்சின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அது இன்னொரு தொழிலாளியிடமிருந்து திருடப்பட்டதாக இருக்கலாம். உங்கள் கிராமத்துக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இலக்கத்தைக் காட்டி விசாரியுங்கள். விற்பவரின் அடையாள அட்டை இலக்கத்தோடு எழுத்துமூல ரசீது பெறுங்கள்.

கையிலுள்ள பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாமல் முதற்பராமரிப்புக்கு ஒரு பகுதியை ஒதுக்குங்கள். இம்பெலர், கியர் ஒயில், பிளக்குகள், துத்தநாகக் கட்டி, எரிபொருள் குழாய் ஆகியவற்றை, முந்தையவர் என்ன சொல்லியிருந்தாலும், முதல் வாரமே மாற்றிவிடுங்கள். இம்பெலரைக் கழற்றும்போது இதழ் உடைந்து காணாமற் போயிருந்தால், அந்தத் துண்டு நீர்ப்பாதையில் எங்கோ அடைத்திருக்கும். தேடி எடுத்த பிறகே புதியதைப் பூட்டுங்கள். எரிபொருளுடன் கலக்க, மோட்டார் சைக்கிள் ஒயிலை அல்லாமல், படகு எஞ்சின்களுக்கான டி.சி.-டபிள்யூ3 தர ஒயிலையே பயன்படுத்துங்கள். 50க்கு 1 என்று கைநூல் சொன்னால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். மாற்றிய ஒவ்வொன்றின் தேதியையும் மூடியின் உட்புறத்தில் அழியாத மையால் எழுதிவையுங்கள்.