கணினி மாற்றிய பிறகு வீட்டு மியூசிக் சர்வர் பாடவில்லையா? லிரியானை மறுபடி நிறுவும் முன் இதைப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய டெஸ்க்டாப்புகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அதனால் மூலையில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த மியூசிக் சர்வரும் (சேமித்த பாட்டுகளை வீட்டிலுள்ள பிளேயர்களுக்கு அனுப்பும் மென்பொருள்) பல வீடுகளில் புதுக் கணினிக்கு மாற வேண்டியதாயிற்று. மாற்றிய பிறகு வரும் புகார்கள் மூன்றே வகைதான்: போனிலிருந்து சர்வர் திறக்கவில்லை, ஹாலில் இருக்கும் பிளேயர் சர்வரைத் தேடிக்கொண்டே நிற்கிறது, எல்லாம் திறக்கிறது, ஆனால் லைப்ரரியில் ஒரு பாட்டுகூட இல்லை.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது லிரியான் மியூசிக் சர்வர். 2024 வரை லாஜிடெக் மீடியா சர்வர் என்று இருந்தது, தொடக்கத்தில் ஸ்லிம்சர்வர். ஜெல்லிஃபின், நேவிட்ரோம் போன்ற வேறு சர்வர்கள் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். போர்ட் எண் (நெட்வொர்க்கில் சர்வரை அடையும் வாசல் எண்) மட்டும் வேறு: லிரியானுக்கு 9000, ஜெல்லிஃபினுக்கு 8096, நேவிட்ரோமுக்கு 4533.

கணினி மாறும்போது சர்வர் மென்பொருள் கெட்டுப்போவது அபூர்வம். மாறியிருப்பது அதைச் சுற்றியுள்ளவைதான்: ஐபி முகவரி, விண்டோஸ் உங்கள் நெட்வொர்க்கை வகைப்படுத்தியிருக்கும் விதம், சர்வீஸ் (விண்டோஸின் பின்னணியில் தானே ஓடும் நிரல், லிரியான் ஓடுவது அப்படித்தான்) எந்தப் பயனர் கணக்கில் ஓடுகிறது என்பது, பாட்டு இருக்கும் டிரைவின் எழுத்து. எத்தனை முறை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டாலும் இந்த நான்கும் அப்படியேதான் இருக்கும்.

பழைய கணினி இன்னும் உயிரோடு இருந்தால்

அதை ஃபார்மேட் செய்யும் முன் லிரியானின் செட்டிங்ஸில் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறங்கள். பிரெஃபரன்சஸ் ஃபோல்டர், கேஷ் ஃபோல்டர் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று அங்கே முழுப் பாதையோடு இருக்கும். விண்டோஸில் அவை புரோகிராம்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள் இருப்பதால் எக்ஸ்ப்ளோரரில் தேடினால் சட்டென்று கண்ணில் படாது.

முதலில் சர்வீஸை நிறுத்துங்கள். ஓடும்போது காப்பி எடுத்தால் டேட்டாபேஸ் கோப்பு அரைகுறையாக வரும். பிரெஃபரன்சஸ் ஃபோல்டர் முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிளேயர்களின் பெயர், அலாரம், வால்யூம் எல்லாம் அதில்தான். கேஷ் ஃபோல்டரில் பெர்சிஸ்ட்.டிபி என்ற ஒரே ஒரு கோப்பு போதும். எந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டீர்கள், கடைசியாக எப்போது, எவ்வளவு ரேட்டிங் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. லைப்ரரி.டிபியைக் கொண்டுவராதீர்கள். அது பாட்டு ஃபோல்டரை ஸ்கேன் செய்தால் தானே உருவாகும். பழையதைக் கொண்டுவந்தால் பழைய பாதைகளும் சேர்ந்து வரும்.

புதுக் கணினியில் லிரியானை நிறுவி, சர்வீஸை நிறுத்தி, இவற்றை அந்தந்த இடத்தில் ஒட்டிவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். அதற்கு முன் பழைய கணினியில் லிரியான் ஓடாதபடி செய்துவிடுங்கள். பிரெஃபரன்சஸில் சர்வரின் அடையாள எண்ணும் சேர்ந்தே வருகிறது. ஒரே அடையாளத்தோடு இரண்டு சர்வர்கள் நெட்வொர்க்கில் இருந்தால் பிளேயர் எதனிடம் போய் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

டிரைவ் எழுத்து: முதல் ஸ்கேனுக்கு முன்பே

பழைய கணினியில் பாட்டெல்லாம் இ டிரைவில் இருந்ததா? புதியதிலும் அதே எழுத்தைக் கொடுத்துவிடுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, அந்த டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து, டிரைவ் எழுத்தை மாற்றும் வரியைத் தேர்ந்தெடுத்தால் போதும். வேறு ஏதாவது அந்த எழுத்தைப் பிடித்து வைத்திருந்தால் முதலில் அதை நகர்த்துங்கள்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், பெர்சிஸ்ட்.டிபி ஒரு பாட்டை அதன் முழுப் பாதையை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற இணையத் தரவுத்தளத்தின் எண் டேக்கில் (கோப்புக்குள் எழுதியிருக்கும் பாட்டு விவரத்தில்) இருந்தால் மட்டும் விதிவிலக்கு. இ டிரைவ் எஃப் ஆகிவிட்டால் அத்தனையும் அதற்குப் புதுப் பாட்டுகள், கேட்ட கணக்கு பூஜ்யம். எம்3யூ பிளேலிஸ்ட்டுகளும் அப்படியே: கோப்பு இருக்கும், திறந்தால் எதுவும் பாடாது. எழுத்தைத் திரும்பப் பெற வழியே இல்லை என்றால் நோட்பேட் பிளஸ் பிளஸில் ஃபோல்டர் முழுவதும் தேடி மாற்றும் வசதியைப் பயன்படுத்தி, எல்லா பிளேலிஸ்ட்டுகளிலும் பழைய பாதையைப் புதியதாக மாற்றுங்கள். சேமிக்கும்போது யூடிஎஃப்-8 ஆக இருக்கட்டும். விண்டோஸோடு வரும் நோட்பேடில் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

சர்வர் இருக்கும் கணினியிலேயே திறக்கிறதா?

எந்தப் புகாராக இருந்தாலும் சோதனை இங்கே தொடங்கட்டும். அந்தக் கணினியின் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 9000 என்று அடியுங்கள். முன்னால் எச்டிடிபி என்று நீங்களே சேர்த்து அடிக்க வேண்டும். புது பிரவுசர்கள் தானாகவே எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தாவப் பார்க்கும். லிரியானின் 9000-இல் அது கிடையாது, உடனே பிழை வரும், சர்வர் செத்துவிட்டது என்று நினைத்துவிடுவோம்.

திறக்கவில்லை என்றால் சர்வீசஸ் பட்டியலில் லிரியான் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடுகிறது, ஆனாலும் திறக்கவில்லை என்றால் 9000-ஐ வேறு எதுவோ பிடித்திருக்கிறது. டாக்கர் வைத்திருப்பவர்கள் முதலில் போர்டெய்னரைச் சந்தேகியுங்கள். அதன் பழைய அமைப்பும் 9000 கேட்கும்.

போனிலிருந்து திறக்கிறதா?

கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் அடித்து, வைஃபை அல்லது ஈதர்நெட் தலைப்பின் கீழுள்ள ஐபிவி4 முகவரியை எடுங்கள். 172 என்று தொடங்கும் இன்னொரு முகவரியும் தெரியலாம். அது பெரும்பாலும் ஹைப்பர்-வி அல்லது விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ் உருவாக்கிய மெய்நிகர் அடாப்டர், அதை விட்டுவிடுங்கள். போன் அதே வைஃபையில் இருக்க வேண்டும். விருந்தினர் வைஃபையில் இருந்தால் வேலைக்காகாது. போன் பிரவுசரில் அந்த முகவரியும் 9000-உம் அடித்துப் பாருங்கள்.

கணினியில் திறக்கிறது, போனில் திறக்கவில்லை என்றால் காரணம் ஃபயர்வால். விண்டோஸ் 11 புதிதாகச் சேரும் எந்த நெட்வொர்க்கையும் பப்ளிக் என்றே வைத்துக்கொள்ளும், ரயில் நிலைய வைஃபையைப் போலவே உங்கள் வீட்டு வைஃபையையும். செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், உங்கள் இணைப்பின் பிராப்பர்ட்டீஸ் என்று போய் பிரைவேட் ஆக்குங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் ஃபயர்வாலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் இன்பவுண்டு ரூல் இரண்டு போடுங்கள். ஒன்று டிசிபி: 9000, 9090, 3483. இன்னொன்று யூடிபி: 3483. இரண்டிலும் பிரைவேட்டில் மட்டும் டிக் இருக்கட்டும். புரோகிராமின் பாதையை வைத்து ரூல் போடுவதைவிட போர்ட்டை வைத்துப் போடுவதே நல்லது. சர்வர் வேறு ஃபோல்டருக்குப் போனாலும் போர்ட் ரூல் அசையாது. யூடிபி 3483-ஐ மறந்துவிட்டால் வெப் பக்கம் அழகாகத் திறக்கும், பிளேயர் மட்டும் சர்வரைக் கண்டுபிடிக்காது. ஆன்டிவைரஸ் சொந்தமாக ஃபயர்வால் வைத்திருந்தால் இதே எண்களை அங்கேயும் திறக்க வேண்டும்.

பிளேயர் பழைய முகவரியையே தேடுகிறது

புதுக் கணினிக்குப் புது மேக் முகவரி (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்), அதனால் ரவுட்டர் கொடுப்பதும் புது ஐபி. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் பைகோர்பிளேயர் என்ற பிளேயர் மென்பொருளைப் போட்டு, அதன் ஸ்க்வீஸ்லைட் செட்டிங்ஸில் சர்வரின் ஐபியைக் கையால் எழுதியிருந்தால் அது பழைய எண்ணின் வாசலிலேயே நிற்கும். அந்தப் பெட்டியைக் காலியாக விட்டால் பிளேயர் 3483-இல் குரல் கொடுத்துத் தானே தேடிக்கொள்ளும்.

ரவுட்டரில் பழைய மேக் முகவரிக்குப் போட்டிருந்த டிஎச்சிபி ரிசர்வேஷனை (ஒரு கணினிக்கு எப்போதும் ஒரே ஐபி தரும் ஏற்பாடு) நீக்கிவிட்டு, அதே ஐபியைப் புது மேக்குக்குக் கொடுத்துவிடுவது எல்லாவற்றிலும் சுலபம். பிளேயர் பக்கம் போகவே வேண்டாம். ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் 11-இன் வைஃபை செட்டிங்ஸில் ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ் என்றொரு பொத்தான் உண்டு. அது ஆன் ஆகியிருந்தால் மேக் முகவரி மாறும், ரிசர்வேஷனுக்கு அர்த்தமே இருக்காது. ஆஃப் செய்யுங்கள். சர்வரை வைஃபையில் வைக்காமல் கேபிளில் வைப்பதே என் கட்சி. 24 பிட் ஃபிளாக் (பெரிய அளவுள்ள உயர்தர ஒலிக்கோப்பு) திக்கித் திணறும்போது பிராசஸரைக் குறை சொல்பவர்கள் ஒருமுறை கேபிள் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

லைப்ரரி காலி: எக்ஸ்ப்ளோரரில் தெரிகிறது, லிரியானில் தெரியவில்லை

அதிக நேரத்தை விழுங்குவது இதுதான். பாட்டு நாஸில் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டியில்) இருக்கிறது. அதை இசட் டிரைவாக மேப் செய்திருக்கிறீர்கள். எக்ஸ்ப்ளோரரில் ஆல்பமெல்லாம் தெரிகிறது, டபுள் கிளிக் செய்தால் பாடுகிறது. லிரியானில் இசட் என்று கொடுத்தால் அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை என்கிறது.

மேப் செய்த டிரைவ் எழுத்து, லாகின் செய்த பயனருக்கு மட்டுமே சொந்தம். லிரியான் சர்வீஸாக ஓடும்போது உங்கள் பெயரில் ஓடுவதில்லை. லோக்கல் சிஸ்டம் என்ற கணக்கில் ஓடுகிறது. அந்தக் கணக்குக்கு இசட்டும் தெரியாது, நீங்கள் சேமித்து வைத்த நாஸ் பாஸ்வேர்டும் தெரியாது. பழைய கணினியில் எப்போதோ இதைச் சரிசெய்திருப்பீர்கள். நிறுவியபோது அது மறுபடி முதல் நிலைக்கு வந்துவிட்டது.

செய்ய வேண்டியது:

1. நாஸில் பாட்டுக்கென்று ஒரு பயனரை உருவாக்கி, பாட்டு ஃபோல்டரைப் படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். பிளேலிஸ்ட் ஃபோல்டரும் நாஸில் இருந்தால் அதற்கு எழுதவும் அனுமதி வேண்டும்.

2. புதுக் கணினியில் அதே பெயரில், அதே பாஸ்வேர்டோடு ஒரு லோக்கல் கணக்கைத் தொடங்குங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் விண்டோஸ் அதையே நாஸிடம் காட்டி உள்ளே போய்விடும்.

3. சர்வீசஸில் லிரியானின் பிராப்பர்ட்டீஸ், அதில் லாக் ஆன் தாவல். திஸ் அக்கவுன்ட் என்பதில் ஒரு புள்ளி, ஒரு பின்சாய்கோடு, பயனர் பெயர் என்று அடித்துப் பாஸ்வேர்டைக் கொடுங்கள்.

4. லிரியானின் பிரெஃபரன்சஸ், கேஷ், லாக் ஃபோல்டர்களில் அந்தக் கணக்குக்கு மாடிஃபை அனுமதி கொடுங்கள். இதை விட்டுவிட்டால் சர்வீஸ் தொடங்கிய வேகத்தில் நின்றுவிடும், லாகிலும் எதுவும் இருக்காது. லாக் எழுதவே அதற்கு அனுமதி இல்லையே!

5. மீடியா ஃபோல்டரில் இசட்டை எடுத்துவிட்டு நெட்வொர்க் பாதையைக் கொடுங்கள்: இரண்டு பின்சாய்கோடு, நாஸின் பெயர் அல்லது ஐபி, ஒரு பின்சாய்கோடு, ஃபோல்டர் பெயர். பிறகு லைப்ரரியை முழுவதும் அழித்து ஸ்கேன் செய்யும் தேர்வு.

மூன்றாவது படியில் 1069 என்ற பிழை வந்தால் பாஸ்வேர்டு தவறு என்று பொருள். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கையே போட்டு, தினமும் அடிக்கும் பின் எண்ணைக் கொடுத்தாலும் இதேதான் வரும்; சர்வீஸுக்கு பின் செல்லாது. தனி லோக்கல் கணக்கு தொடங்கச் சொன்னது இதற்காகத்தான்.

எக்ஸ்ப்ளோரரிலேயே நாஸ் திறக்கவில்லை என்றால் கதை வேறு. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, ப்ரோவில் எஸ்எம்பி (நெட்வொர்க்கில் கோப்பு பகிரும் முறை) கையொப்பம் கட்டாயம். பாஸ்வேர்டு இல்லாத விருந்தினர் நுழைவும் கிடையாது. "எல்லோருக்கும் திறந்த ஃபோல்டர்" என்று வைத்திருந்த நாஸெல்லாம் இதில் அடிபடும். மேலே சொன்ன தனிப் பயனரே இதற்கும் மருந்து. குரூப் பாலிசியில் கட்டாயத்தைத் தளர்த்தச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. பாட்டுக்காகக் கணினி முழுவதன் பாதுகாப்பையும் இறக்க வேண்டாம். எஸ்எம்பி1 மட்டுமே தெரிந்த பழைய நாஸ் என்றால் அதை ஓய்வுபெறவிட்டு, டிஸ்கைக் கணினியிலேயே மாட்டிவிடலாம்.

தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகள்: பின்சேர்க்கை

பிளேலிஸ்ட்டில் சில பாட்டு மட்டும் பாடாமல் இருந்து, அவை தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புகளாகவும், ஒருகாலத்தில் ஆப்பிள் மேக் கணினியின் டிஸ்கில் இருந்தவையாகவும் இருந்தால் இதைப் பாருங்கள். "கொ", "கோ", "கௌ" போன்ற எழுத்துகளின் உயிர்க்குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும்: ஒரே குறியீடாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக. விண்டோஸ் விசைப்பலகைகள் பொதுவாக முதல் வகை. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க், கோப்புப் பெயரைப் பிரித்து இரண்டாம் வகையாகவே சேமிக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் அவை வெவ்வேறு பெயர்கள். அறிகுறியும் தெளிவானது: "மழை" பாடும், "கோலம்" பாடாது.

லினக்ஸில் கான்வ்எம்வி என்ற கருவியின் என்எஃப்சி தேர்வு ஃபோல்டர் முழுவதையும் ஒரே வகையாக்கிவிடும். அது முதலில் ஒத்திகைதான் காட்டும்; நிஜமாக மாற்ற நோடெஸ்ட் தேர்வையும் சேர்க்க வேண்டும். விண்டோஸ் மட்டும் இருப்பவர்கள் அந்தப் பாட்டுகளை லிரியானிலேயே தேடி, பிளேலிஸ்ட்டில் மறுபடி சேர்த்துச் சேமிப்பது சுலபம். கோப்புக்கு ஆங்கில எழுத்தில் பெயர், டேக்கில் தமிழ்: இதுதான் என் விருப்பம். திரையில் வருவது டேக்தான்.

ராத்திரி பாடியது காலையில் காணோம்

கணினி தூங்கிவிட்டது. பவர் செட்டிங்ஸில், மின்சாரத்தில் இருக்கும்போது ஸ்லீப் நெவர் என்று வையுங்கள்; லேப்டாப் என்றால் மூடியை மூடினால் என்ன செய்வது என்பதற்கும் டூ நத்திங். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு மட்டும் லைப்ரரி காலியாகத் தெரிந்தால், யூஎஸ்பி டிஸ்கோ நாஸோ எழுந்திருக்கும் முன்பே லிரியான் எழுந்துவிடுகிறது. சர்வீஸின் ஸ்டார்ட்அப் டைப்பை ஆட்டோமேட்டிக் டிலேய்டு ஸ்டார்ட் ஆக்குங்கள். மின்தடைக்குப் பிறகு ரவுட்டர், நாஸ், கணினி மூன்றும் ஒன்றாக எழும் வீடுகளில் அந்தத் தாமதமும் போதாமல் போகலாம். அப்போது கையால் ஒருமுறை சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் பாட்டுகள் வந்துவிடும்.