டிவிடி மெனு பின்னணிப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் திருமண வீடியோ எடிட்டிங்குக்குப் புதிதாக வருபவர்களின் டிவிடிகளைப் பார்க்கும்போது, பெரும்பாலும் வீடியோவில் குறை இருப்பதில்லை; வட்டைப் போட்டவுடன் முதலில் தெரியும் மெனுவில்தான் இருக்கிறது. மென்பொருளே சுட்டிக்காட்டிவிடும் சில்லறைப் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஜேபெக்கையே (JPG) மூலக் கோப்பாக வைத்துக்கொள்வது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். தக்கலையிலிருந்து ஓர் இளைஞர் கொண்டுவந்த டிவிடியில், கன்னியாகுமரிச் சூரிய உதயத்தின் மேல் மணமக்கள் பெயர் சிவப்பு எழுத்தில் இருந்தது. மெய்யெழுத்துகளின் தலைப்புள்ளிகள் கரைந்து போயிருந்தன. எழுத்துகளைச் சுற்றித் துகள்களும், வானத்தில் கட்டம் கட்டமான திட்டுகளும் தெரிந்தன. பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தவும், தேதியை இடம் மாற்றவும், ஆலயத்தின் பெயரைச் சேர்க்கவும் பெண் வீட்டார் அடுத்தடுத்துச் சொல்ல, ஒவ்வொரு முறையும் அவர் முன்பு சேமித்த ஜேபெக்கையே திறந்து, பழைய எழுத்தை வானத்தின் நிறத்தால் அழித்து, புதிதாக எழுதி, மறுபடியும் ஜேபெக்காகவே சேமித்திருக்கிறார். உறவினர்களுக்கான பிரதிகளை எல்லாம் எழுதி முடித்த பிறகே அதை டிவியில் போட்டுப் பார்த்ததால், அத்தனை வட்டும் வீணாயிற்று.

ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்விவரங்களைக் கழித்துவிடுகிறது. ஒளிப்படத்தில் அது தெரியாது. எழுத்தின் கூரான ஓரத்தில் உடனே தெரியும். திருத்திச் சேமிக்கும்தோறும் இழப்பு கூடுகிறது. அதற்கு மேல், டிவிடியை உருவாக்கும் ஆத்தரிங் மென்பொருள் படத்தை டிவிடியின் வீடியோ வடிவமான எம்பெக்-2 ஆக மாற்றும்போது இன்னொரு முறை சுருக்கி, நிற விவரத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்குகிறது. டிவிடியின் 720×576 பிக்சல் படத்தில் நிறத்துக்கு 360×288 மட்டுமே மிஞ்சும். இரண்டு மூன்று பிக்சலே உள்ள சிவப்புப் புள்ளி இதையெல்லாம் எப்படித் தாங்கும்?

கேட்டால், இடம் மிச்சமாகட்டும் என்று ஜேபெக்கில் வைத்ததாகச் சொல்கிறார்கள். வட்டுக்குப் போவது எம்பெக்-2 படம் என்பதால், இந்தச் சிக்கனத்தால் வட்டில் இம்மியளவு இடமும் மிஞ்சாது. சுருக்கமே இல்லாத 24 பிட் பிஎம்பி (BMP) படம் கூட 1.25 எம்பிக்குள் அடங்கிவிடும். எழுத்துகளைத் தனி லேயராக விட்ட பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்) கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, திருத்தும்போதெல்லாம் அதிலிருந்தே புதிதாக, விவரம் இழக்காத பிஎன்ஜி (PNG) படம் எடுங்கள். சிறிய எழுத்துக்குச் சிவப்பைத் தவிர்த்து, கருப்பு ஓரமிட்ட வெள்ளையைப் பயன்படுத்துங்கள்.

அச்சுக்கான படத்தை அப்படியே எடுப்பது

அழைப்பிதழ் அச்சடிக்கத் தயாரித்த படம் அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே (CMYK) நிறமுறையில் இருந்தால், சில மென்பொருள்கள் அதைத் திறக்கவே திறக்காது. சில நிறத்தைத் திரித்துக் காட்டும். முதலில் திரைக்கான ஆர்ஜிபியாக (RGB) மாற்றிக்கொள்ள வேண்டும். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) என்ற எண்ணுக்கு டிவியில் பொருளே இல்லை.

ஜிஃப்

ஜிஃப் (GIF) படம் ஏற்கும் 256 நிறங்களில் வானம் பட்டை பட்டையாகிவிடும்; வேண்டாம்.

அளவு

16:9 மெனுவைச் சதுரப் பிக்சலில் 1024×576 ஆக அமைத்து, முடிவில் 720×576 ஆக்குங்கள். நேரடியாக 720இல் அமைத்தால், 16:9 திரைக்கு அது அகலத்தில் இழுக்கப்படுவதால், டிவியில் முகங்கள் அகன்றுவிடும்.

பட்டன் மேலடுக்கை ஜேபெக்கில் கொடுப்பது

ரிமோட்டை அழுத்தும்போது ஒளிரும் மேலடுக்கு, ஒளிபுகும் பகுதியையும் சேர்த்து 4 நிறங்களுக்கு மேல் ஏற்காது. அதைத் தனிப் படமாகக் கேட்கும் மென்பொருளுக்கு ஜேபெக் கொடுத்தால், ஓரங்களில் உண்டாகும் இடைநிறங்கள் தவறான நிறத்தோடு சேர்ந்து, பட்டனைச் சுற்றிப் பிசிறு தட்டும். ஓரத்தை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிட்டு, பிஎன்ஜியிலோ பிஎம்பியிலோ சேமித்துக் கொடுங்கள்.