சுற்றுலாத் துறை மாணவர் மன்றம்: பொறுப்பாசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலி வட்டாரக் கல்லூரிகளில் சுற்றுலாத் துறை மாணவர் மன்றப் பொறுப்பைப் புதிதாக ஏற்கும் ஆசிரியர்கள், எங்கள் காலத்துப் பிழைகளையே வரி பிசகாமல் திரும்பச் செய்கிறார்கள். அழைப்பிதழில் பெயர் விடுபடுவது, ஒலிபெருக்கி பழுதாவது போன்றவை தாமாகவே சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். தொடக்க விழாவில் "நம் துறை ஒரு குடும்பம்" என்று பேசிவிட்டு, அந்தக் குடும்பம் உருவாகவே விடாத பிழைகளைத்தான் சொல்ல வேண்டும்.

கல்விச் சுற்றுலாவை முகவரிடம் ஒப்படைப்பது

மற்ற துறைகள் இதைச் செய்தால் எனக்கு வருத்தமில்லை. பயணத் திட்டம் வகுப்பதையே பாடமாக நடத்தும் ஒரு துறை, தன் பயணத்தை மொத்தக் கட்டணம் பேசி முகவரிடம் விட்டுவிட்டு, மாணவர்களைப் பணம் கட்டி ஏறும் பயணிகளாக ஆக்குவதை மட்டும் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

செப்டம்பர் 27, உலகச் சுற்றுலா நாளை ஒட்டி ஒரு கல்லூரி தன் மாணவர்களைக் கூந்தன்குளத்துக்கு அழைத்துச் சென்றபோது நானும் உடன் சென்றேன். 1994 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் குளத்துக்கு வலசைப் பறவைகள் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே வரும். மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, ஜூன், ஜூலை வாக்கில் கிளம்பிவிடும். முகவர் போட்ட திட்டப்படி நண்பகலில் போய் இறங்கி, வற்றிய குளத்தையும் எருமைகளையும் பார்த்துத் திரும்பினோம்.

எனக்குக் கோபம் வந்தது அதனால் அல்ல. பக்கத்து மூலைக்கரைப்பட்டியிலிருந்து பேருந்தில் வந்து படிக்கும் மாணவி ஒருத்தி, "தை மாசம் வந்திருந்தா எங்க அத்தை வீட்டு மரத்துலயே நாரைக் கூடு பாத்திருக்கலாம் சார்" என்றாள். முன்பே ஏன் சொல்லவில்லை என்று பொறுப்பாசிரியர் கேட்டார். "எல்லாம் முடிவு பண்ணிட்டுத்தானே சார் எங்ககிட்டப் பணம் கட்டச் சொன்னீங்க" என்றாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு குழு இரண்டு மூன்று பேருந்து உரிமையாளர்களிடம் விலைப்புள்ளி வாங்கி, ஓட்டுநர் படி, சுங்கச் சாவடிக் கட்டணம் எல்லாம் சேர்த்துத் தலைக்கு எவ்வளவு என்று கணக்கிடட்டும். போகும் இடம் மாஞ்சோலையானால், அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், வனத்துறை அனுமதிக்கு இன்னொரு குழு முன்கூட்டியே எழுதட்டும். கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலில் சிற்பத்துக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டு அவர்களே விளக்கட்டும். கணக்கு உதைக்கும், மதியச் சாப்பாட்டுக்குச் சொல்ல ஒருவர் மறப்பார், இரண்டாமாண்டும் மூன்றாமாண்டும் சண்டை போடும். அந்தச் சண்டையைத் தீர்த்துக்கொள்ளும் நாள்களில்தான் மாணவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்கிறார்கள் என்பதை, தரம் குறைந்துவிடுமென்று அஞ்சும் ஆசிரியர்கள் கவனிப்பதில்லை. பெற்றோர் ஒப்புதல், பாதுகாப்பு, குளிக்கும் இடம் ஆகியவற்றை மட்டும் ஆசிரியர் தம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். தாமிரபரணியில் ஆழம் தெரியாமல் இறங்குவதற்கு மாணவர் கருத்துக் கேட்க வேண்டியதில்லை.

மாலை 4 மணிக்குக் கூட்டம் வைப்பது

விடுதி மாணவர்களுக்கு அது வசதி. களக்காட்டுக்கும் திசையன்விளைக்கும் போக வேண்டியவர்கள் பேருந்தைப் பிடிப்பார்களா, கூட்டத்தில் உட்காருவார்களா? அவர்களை ஆர்வமில்லாதவர்கள் என்று குறித்துவைத்துவிட்டு, எஞ்சிய நான்கைந்து பேரிடமே எல்லா வேலைகளையும் கொடுப்பது பல துறைகளில் வழக்கமாகிவிட்டது. மதிய இடைவேளையில் கூடினால் அனைவரும் இருப்பார்கள்.

ஊர்வாரியாகக் குழு பிரிப்பது

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஊர்ப் பெயரோடு சேர்ந்து வருவது என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

பணம் கட்டாதோர் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் இடுவது

தனியாகக் கேளுங்கள்.

பழைய மாணவர்களைப் பொன்னாடைக்கு மட்டும் அழைப்பது

விமான நிலையத்திலும் நட்சத்திர விடுதியிலும் வேலை கிடைத்தவர்களை மட்டுமே மேடையேற்றுகிறோம். சொந்தமாக வேன் வாங்கி நவதிருப்பதிக்கு ஆள் ஏற்றும் பழைய மாணவருக்கு அழைப்பு போவதில்லை. புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டத்தில் எந்தக் கோயிலில் தொடங்கினால் நடை சாத்துவதற்குள் அடுத்ததற்குப் போகலாம் என்பது அவருக்குத்தான் தெரியும். அவரை வகுப்பறைக்கு அழைத்து, மாணவர்கள் போட்ட பயணத் திட்டத்தை அவர் கையில் கொடுத்து, சிவப்பு மையால் திருத்தச் சொல்லுங்கள்.