கண்டிப்பதற்கு முன்: யாருக்குக் கேடு என்று பாருங்கள்

அறிந்தவர் ஒருவர் தவறான வழியில் போவது தெரிந்தும் ‘நமக்கேன் வம்பு’ என்று ஒதுங்கிவிட்டு, அதை இரக்கம் என்று சொல்லிக்கொள்வது நம்மில் பலருக்குப் பழக்கம். கத்தோலிக்கத் திருச்சபை கற்பிக்கும் ஆன்மிக இரக்கச் செயல்கள் ஏழனுள், தீங்கை மன்னிப்பதைப் போலவே பாவம் செய்வோரைத் திருத்துவதும் ஒன்று என்பதை அப்போது மறந்துவிடுகிறோம்.

எங்கே தொடங்குவது என்பதற்கு இடைக்கால இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ் காட்டும் வேறுபாடு உதவும். தவறு செய்தவருக்கே அது விளைவிக்கும் கேட்டை நீக்கும் திருத்தம் அன்பின் செயல். பிறருக்கு அது விளைவிக்கும் ஊறைத் தடுக்கும் திருத்தம் நீதியின் செயல். முதல் வகையில், இப்போது பேசினால் அவர் இன்னும் கெட்டுப்போவார் என்று தோன்றினால் பொறுத்திருக்கலாம். இரண்டாவதில் அந்தச் சலுகை இல்லை.

பங்கின் (ஒரு கோயிலைச் சேர்ந்த திருச்சபைச் சமூகத்தின்) நிதியைக் கவனிப்பவரின் கணக்கில் தொகை குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ரசீதுகளை நீங்களே இன்னொரு முறை கூட்டிப் பாருங்கள். அயலாரின் செயலுக்கு இயன்றவரை நல்ல பொருள் கொள்ள வேண்டும் என்று திருச்சபைப் போதனைகளைத் தொகுத்த மறைக்கல்வி நூலும் (எண் 2478) சொல்கிறது. அதன்பின், மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரம் கூறும் வரிசைப்படி தனியாகச் சந்தித்து, “நீங்கள் பணத்தை எடுத்துவிட்டீர்கள்” என்று தொடங்காமல், “இந்த இரண்டு மாதக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை, சேர்ந்து பார்ப்போமா?” என்று கேளுங்கள். அவர் செவிசாய்க்காவிட்டால் மட்டுமே ஓரிருவரை அழைத்துச் செல்ல வேண்டும். அதற்கும் இணங்காவிட்டால்தான் பங்குத்தந்தையிடம் போக வேண்டும். இடையில் மற்றவர்களிடம் ‘அவருக்காகச் செபியுங்கள்’ என்று சொல்லி விஷயத்தைக் கசியவிடுவது, பக்திப் போர்வை போர்த்திய புறணியே.

சிறுவர்களையோ வலுவற்றோரையோ ஒருவர் துன்புறுத்தினால் இந்த வரிசை பொருந்தாது. தனியே பேசி எச்சரிப்பது அவருக்குத் தடயத்தை அழிக்க அவகாசம் தருவதாகிவிடும் என்பதால், காவல்துறைக்கும் திருச்சபை அதிகாரிகளுக்கும் உடனே தெரிவியுங்கள். இத்தகைய குற்றத்தை அறியவரும் குருக்களும் துறவியரும் அதைத் திருச்சபை அதிகாரியிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டமாகவே வகுத்தார். பாவ அறிக்கையில் கேட்டதை வெளியிடாமல் காக்கும் ஒப்புரவு அருட்சாதன முத்திரைக்குள் வருவது அதற்கு விலக்கு.

நிதிக் கணக்கருக்குத் திரும்புவோம். அவர் வருந்தி ஒப்புரவு பெற்றாலும், எடுத்த பணத்தைத் திருப்பித் தரும் கடமை அவரிடமே இருக்கும். மன்னித்துவிட்டோம் என்பதற்காக அதைத் தள்ளுபடி செய்ய வேண்டியதில்லை. பெட்டிச் சாவியை மறுநாளே அவர் கையில் கொடுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு அவர் தயங்கித் தயங்கி வந்து கடைசி வரிசையில் நின்றால், உங்கள் பக்கத்தில் இடம்விட்டு அவரை அழையுங்கள்.