சினெராமா படத்தை வீட்ல ஒழுங்கா பாக்கறது எப்படி

பழைய சினெராமா படத்தை டிவில போட்டுட்டு, நடுவுல ரெண்டு கோடு தெரியுது, நேரா போற வேலி கோட்டுக்கிட்ட வந்து மடங்குதுன்னு பாதியில நிறுத்தறவங்க இருக்காங்க. தப்பு படத்து மேல இல்லங்க, அது தட்டை ஸ்கிரீனுக்காக எடுத்ததே இல்ல.

ஃப்ரெட் வாலர் உருவாக்குன சினெராமா 1952 செப்டம்பர் 30 அன்னிக்கு நியூயார்க் பிராட்வே தியேட்டர்ல முதல்ல ஓடுச்சு. மூணு லென்ஸ் மூணு திசைய பாத்து மூணு 35 எம்எம் பிலிம்ல படம் புடிக்கும், தியேட்டர்ல மூணு புரொஜெக்டர் அதை 146 டிகிரி வளைஞ்ச ஸ்கிரீன்ல ஓட்டும், இடது பக்க புரொஜெக்டர் வலது பக்கத்துக்கும் வலது பக்கத்துது இடது பக்கத்துக்கும் குறுக்கா அடிக்கும். மூணு படமும் ஒட்டற இடம்தான் அந்த ரெண்டு கோடு. அவ்ளோ வளைஞ்சா ஒரு ஓரத்து வெளிச்சம் எதிர் ஓரத்துல பட்டு படத்தையே வெளுக்க வச்சிடும்ல, அதுக்குத்தான் ஒரே துணியா இல்லாம செங்குத்தான பட்டை பட்டையா ஆயிரத்துக்கும் மேல மாட்டி ஸ்கிரீன் கட்டினாங்க. எனக்கு இதுல ரொம்ப புடிச்ச விஷயமே இந்த பட்டைங்கதான்.

அதனால முதல் வேலை, ஸ்மைல்பாக்ஸ் வெர்ஷன் தேடுங்க, அதாவது வளைஞ்ச ஸ்கிரீன்ல பாக்கற மாதிரியே தெரியறாப்ல மாத்தினது. 'ஹவ் தி வெஸ்ட் வாஸ் வொன்'ங்கற சினெராமா படத்தோட ப்ளூரேல தட்டையாவும் இருக்கு, ஸ்மைல்பாக்ஸாவும் இருக்கு. படம் நடுவுல ஒடுங்கி ஓரத்துல உயரமா தெரியும், பயந்து ஜூம் பண்ணிடாதீங்க, அதுதான் அந்த வளைவு.

அப்புறம் வழக்கத்தை விட நல்லா கிட்ட, சரியா நடுவுல உக்காருங்க. லைட்ட அணைச்சிடுங்க, கடைக்கண்ணுல படம் படணும், சினெராமாவோட உயிரே அங்கதான். அந்த ரெண்டு கோட்டையும் மறைக்க மரத்தையோ தூணையோ எங்க கொண்டு வந்து நிறுத்திருக்காங்கன்னு பாருங்க, ரெண்டாவது தடவை பாக்கறப்போ அதுவே தனி சுகம். ஒரிஜினல் சவுண்டு 7 டிராக், அதனால டிவி ஸ்பீக்கர நம்பாம தனி ஸ்பீக்கர் போடுங்க, ஆரம்பத்துல படம் இல்லாம வர்ற இசையயும் தாண்டி போயிடாதீங்க.

ஒண்ணு கவனிங்க, 1963ல இருந்து ஒரே 70 எம்எம் பிலிம்ல ஓட்டின படத்துக்கும் சினெராமான்னே பேர் போட்டாங்க, '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யும் அப்படித்தான், அதுல கோடு தேடாதீங்க.

நேர்ல பாக்கணும்னா இங்கிலாந்துல பிராட்ஃபோர்டு மியூசியத்தோட பிக்சர்வில் தியேட்டர்ல மூணு புரொஜெக்டர் வச்சே ஓட்டிருக்காங்க, ஷோ போட்டா ஓரத்து சீட் மட்டும் எடுக்காதீங்க.