பருக்கை பட்டாலே துப்பிய மகள்

ஏழாவது மாதத்தில் ராகிக் கூழை ஆசையாகச் சாப்பிட்ட மகள், வாயில் ஒரு சோற்றுப் பருக்கை பட்டால் குமட்டித் தள்ளிவிடுவாள். "மிக்ஸியில அடிச்சே குடும்மா" என்றார் அத்தை. ஆனால் 9, 10 மாதத்துக்குள் கட்டியான உணவைப் பழக்காவிட்டால் பின்னால் சாப்பிட வைப்பது பெரும்பாடு என்று குழந்தைகள் மருத்துவர் சொல்லியிருந்தார்.

கூர்ந்து கவனித்தபோது ஒன்று புரிந்தது. நீர்த்த ரசத்துக்குள் திடீரென வரும் பருக்கைதான் அவளுக்கு ஆகவில்லை. ஒரே சீராக இருந்தால் கெட்டியானதையும் ஏற்றாள். அதனால் மிக்ஸியை விட்டு, குழைய வேகவைத்த பருப்புச் சோற்றை நெய் விட்டு மத்தால் கெட்டியாக மசித்தேன். பழகியதும் கையால் மட்டும். மாற்றம் மிக மெதுவாகத்தான் இருக்க வேண்டும். இதில் அவசரமே ஆகாது.

உண்மையில் கைகொடுத்தது இட்லிதான். நீளத் துண்டாக அவள் கையிலேயே கொடுத்தேன். பிசைந்தாள், நசுக்கினாள், தலையில் தேய்த்தாள், பிறகு தானாகவே வாய்க்குக் கொண்டுபோனாள். விரல் பழகிய பொருளை நாக்கும் ஏற்கிறது. அடுத்து விரலால் நசுங்கும் அளவுக்கு வேகவைத்த சர்க்கரைவள்ளி, பரங்கி.

குமட்டலுக்குப் பயப்பட வேண்டாம். இருமலும் சத்தமும் இருக்கும், குழந்தை தானே வெளியே தள்ளிவிடும். சத்தமே வராமல் மூச்சுத் திணறினால் அதுதான் ஆபத்து. நிமிர்த்தி உட்கார வைத்து, பக்கத்திலேயே இருங்கள். முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை வேண்டவே வேண்டாம்.

தக்காளித் தோலை மட்டும் இன்னும் துப்புகிறாள். உரித்துவிட்டுக் கொடுக்கிறேன்.