22 பக்கங்களுக்கு ஒரே மெனு

பினாங்கில் நான் உதவும் தமிழ் வாசகர் வட்டத்தின் இணையதளத்தில் 22 பக்கங்கள். தைப்பூசத்துக்கு முன் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் செல்லும் வழி பற்றி ஒரு பக்கம் சேர்த்தேன். மெனு ஒவ்வொரு பக்கத்தின் கோப்பிலும் தனித்தனியாக இருந்ததால், புதிய இணைப்பை அதில் போட எல்லாக் கோப்புகளையும் திறக்க வேண்டியிருந்தது, மூன்றில் விட்டுப்போனது. வெளியூர் அன்பர்கள் வழி தேடும் நேரத்தில் இப்படி ஆனது மனத்தை மிகவும் உறுத்தியது.

அன்றிரவே மெனுவை மட்டும் வெட்டித் தனி பிஎச்பி (சர்வரில் இயங்கும் நிரல்மொழி) கோப்பில் வைத்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் மெனு இருந்த இடத்தில், அந்தக் கோப்பை இழுத்துவரும் ஒரு வரி இன்குளூட் கட்டளை. பக்கங்களின் பின்னொட்டையும் எச்டிஎம்எல்லிலிருந்து பிஎச்பிக்கு மாற்றினேன். இல்லையேல் எங்கள் சர்வர் அந்த வரியை இயக்காது. பழைய முகவரிகளுக்கு வருவோர் புதியவற்றுக்குப் போக 301 எனும் நிரந்தரத் திசைமாற்றம் கொடுத்தேன்.

தலைவலி அதற்குப் பிறகுதான். 'நிகழ்ச்சிகள்' கோப்புறைக்குள் இருந்த பக்கங்களில் மெனு தெரிந்தது, ஆனால் எதை அழுத்தினாலும் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற பிழை. மெனு கோப்பு எங்கே இருக்கிறது என்பது பிரவுசருக்குத் தெரியாது. திறந்திருக்கும் பக்கத்தின் முகவரியிலிருந்தே அது இணைப்பைக் கணக்கிடுகிறது. இது புரிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு இணைப்பின் முன்னும் ஒரு சாய்கோடு சேர்த்தேன். எல்லாம் தளத்தின் வேரிலிருந்து, அதாவது அதன் முதன்மைக் கோப்புறையிலிருந்து தொடங்கின, சரியாகத் திறந்தன.

சித்திரைப் புத்தாண்டுப் பக்கம் வந்தபோது மெனுவில் ஒரே ஒரு வரிதான் எழுதினேன்.